பதினொரு குழாய்கள்

வினார்த்தியின் ஆத்திரத்துக்குக் காரணம் ஒன்றுதான். இருபத்தேழு வருஷமாகச் சத்தத்தில் சிற்பம் செய்கிறாள். ஒருத்தர்கூடக் கடைசி வரை உட்கார்ந்து கேட்டதில்லை. யோக்யகர்த்தா இசைக் கல்லூரியில் வெண்கலச் சேகண்டிகளை ரம்பத்தால் உரசிக் காட்டினாள். ஆசிரியர் எழுந்து டீ குடிக்கப் போனார். சோலோ நகர விழாவில் தகர டிரம்மின் முனகலை ஒலிபெருக்கியில் விட்டாள்; மைக் செட்காரர் ஏதோ பழுது என்று ஒயரைப் பிடுங்கிவிட்டு, "சரி பண்ணிட்டேன்க்கா" என்று கட்டை விரலை வேறு உயர்த்திக் காட்டினார். கண்காட்சியில் வைத்த கிறீச்சிடும் சக்கரத்துக்கு வாட்ச்மேன் எண்ணெய் போட்டார். எல்லோருமே நல்லவர்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

எட்டு மாதத்துக்கு முன் பந்துல் என்ற தன் ஊரில், வீட்டுக் கொல்லையில், வயலைப் பார்த்தாற்போல் ஒரு காற்றுச் சிற்பத்தை நிறுத்தினாள். பழைய மோட்டார் சைக்கிள் புகைக்குழாய்கள் பதினொன்று. மேலே காற்றாடி, அது சுற்றினால் தகர நாக்குகள் குழாய்களை உரசும். ஜகார்த்தா விழாவுக்குக் கலைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் ரேஸா, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கேட்க வருவதாகச் சொல்லியிருந்தார். இதுவும் போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று மதியம் பக்கத்து வீட்டு சர்திமான் வந்தான். கையில் துணி போட்டு மூடிய கூண்டு. உள்ளே சோலைப்பாடி. குஞ்சிலிருந்தே அருவிச் சத்தமும் சில்வண்டுச் சத்தமும் கேட்க வைத்து அவன் பழக்கிய பறவை.

"அக்கா, இந்தக் குழாயையெல்லாம் இன்னிக்கே கழட்டுங்க."

"என்னாச்சு தம்பி?"

"காலையில பறவைங்க பாட்டுப் போட்டி. நாப்பது கூண்டு தொங்குது. மத்ததெல்லாம் என்னமாப் பாடுது! நம்மாளு வாயத் தொறந்தான்... கிர்ர்ர், டங், டங், கீஈஈ. அப்படியே உங்க குழாய்! நடுவர் சிரிச்சுக்கிட்டே அடுத்த கூண்டுக்குப் போயிட்டாரு. 'என்னடா, துருப்பிடிச்ச கேட்டையா வளக்கறே?'ன்னு ஊரே கேக்குது."

வினார்த்திக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"மூணு மணிக்கு ஒருத்தர் வர்றாரு. அதுவரைக்கும் விடு. அப்புறம் நானே கழட்டறேன்."

"பேச்சு மாறக் கூடாது. நான் இங்கயே இருக்கேன்." கூண்டை வீட்டில் வைத்துவிட்டு வந்து கொல்லைப் படியில் உட்கார்ந்துகொண்டான்.

ரேஸா மூன்றரைக்கு வந்தார். காற்று நன்றாகவே வீசியது. குழாய்கள் ஒவ்வொன்றாகக் குரலெடுத்தன. அவர் கைபேசியில் ஒரு நிமிஷம் படம் பிடித்தார். அழைப்பு வந்ததும் பேசிக்கொண்டே வரப்பு வரை நடந்து திரும்பினார்.

"பிரமாதம் மேடம். இதையே கொஞ்சம் சின்னதா, விழா அரங்கு லிஃப்ட் பக்கத்துல வைக்கிற மாதிரி பண்ணித் தர்றீங்களா? சத்தம் மட்டும் கம்மியா."

முடியாது என்றாள். கார் கிளம்பிவிட்டது. அவள் கொல்லைக்குத் திரும்பினாள்.

"அவசரப்பட்டுட்டாரு," என்றான் சர்திமான். "காத்து ஓஞ்ச அப்புறம்தானே முக்கியமானதே வரும்."

"எது?"

"ஓரத்துல இருக்கே, தடிச்ச குழாய். எல்லாம் அடங்கினதும் அது மட்டும் ஊம்ம்னு இழுக்கும். நம்மாளு அங்கதான் தடுமாறுவான். தெனமும் முயற்சி பண்றான், வரமாட்டேங்குது. மழைக்கு முன்னாடி அடிக்கிற காத்துன்னா இன்னும் நீளமா இழுக்கும். கவனிச்சிருக்கீங்களா?"

அவள் கவனித்திருந்தாள். வேறு யாரும் கவனித்ததாகத் தெரியாது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் கூடவே வந்தது. கேட்கத் தெரிந்த ஒரே மனிதன். அவனும் நிறுத்தச் சொல்லித்தான் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"அப்ப இருக்கட்டுமா?"

"ஐயோ, வேணாங்க்கா. அடுத்த மாசம் மறுபடி போட்டி."

அவனே ஏணியைக் கொண்டுவந்து சாய்த்துப் பிடித்துக்கொண்டான். அவள் ஸ்பானரோடு ஏறினாள். கைக்கு முதலில் எட்டியது அந்தத் தடித்த குழாய்தான். திருகாணியில் ஸ்பானரைப் பொருத்தினாள்.

"அக்கா," என்றான் கீழிருந்து. "அதை மட்டும் கடைசியாக் கழட்டுங்க."