இகுவானா வீட்டில் அரளிப்பூ

எங்கள் வீட்டில் இகுவானா இருக்கிறது என்றால் யாரும் சட்டென்று நம்ப மாட்டார்கள். மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு இரண்டாவது மாடி, கல்யாணம் செய்துகொள்ளாத அக்கா தங்கை இரண்டு பேர், கூடவே வாலோடு சேர்த்து நான்கடி நீளத்தில் ஒரு பச்சைப் பிராணி. என்னோடு பள்ளியில் வேலை பார்த்தவள் வெளிநாடு போகும்போது, பதிவுக் காகிதங்களோடு என்னிடம் விட்டுப்போனாள். “இந்தப் பல்லி கூடத்தைத் தாண்டி உள்ளே வந்தா நான் ஆத்தை விட்டே போயிடுவேன்,” என்றாள் அக்கா. இலை, பூ தவிர எதையும் தொடாது, சுத்த சைவம் என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் இறங்கிவந்தாள்.

நான் கணக்கு டீச்சர். எதையும் சரிபார்க்காமல் விடமாட்டேன். அது வந்த வாரமே பால்கனியைக் காலி செய்தேன். மணி பிளான்ட்டையும், இலையில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு அலங்காரச் செடியையும் கீழ் வீட்டுக்குக் கொடுத்தேன். கடித்தால் அதற்கு வாயும் தொண்டையும் வீங்கிவிடும். அக்கா இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். செம்பருத்தியும் கறிவேப்பிலையும்தான் மிஞ்சின. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தாலும் மருந்து அடிப்பதில்லை, தண்ணீர் பீய்ச்சித் துணியால் துடைப்பேன். இவ்வளவு பத்திரமான வீடு மெட்ராஸிலேயே கிடையாது என்று எனக்கு ஒரு கர்வம்.

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை, ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து மத்தியானம் வந்தபோது இகுவானா கூடத்தில் அதற்காகக் கட்டிவைத்த கிளையிலிருந்து கீழே விழுந்து கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது. வாயோரம் எச்சில் ஒழுகியது. துணிக்கூடையில் துண்டை விரித்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கூப்பிடாமலே அக்காவும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

“இன்னாக்கா கூடையில, உடும்பா?” என்றார் ஆட்டோக்காரர்.

“இகுவானா. சீக்கிரம் போங்க,” என்றேன். அடையாறு பிராணிகள் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினார்.

டாக்டர் சின்னப் பெண். அதன் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டவளின் முகம் மாறியது. இதயம் தாறுமாறாக அடிக்கிறது, ஏதோ விஷச்செடியைத் தின்றிருக்கிறது என்றாள்.

“எங்க வீட்டுல அப்படி ஒண்ணுமே கிடையாது. நீங்க சரியா பாருங்க,” என்று எரிந்து விழுந்தேன்.

“என்ன செடின்னு தெரிஞ்சா காப்பாத்தறது சுலபம் மேடம். அதுக்குத்தான் கேக்கறேன்.”

“அரளி,” என்று என் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

சாமி படங்களிலிருந்து எடுத்த பழைய பூ யார் காலிலும் படக்கூடாது என்று பால்கனிச் செடித்தொட்டியில் போடுவது அவள் வழக்கம். அதில் வாடிய செம்பருத்தி கிடைத்தால், நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து இகுவானாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒன்றிரண்டு நாள் இல்லை, ஒரு வருஷமாக. ஆடி வெள்ளிக்குப் பூக்காரம்மா கொடுத்த உதிரிப்பூவில் செவ்வரளியும் இருந்திருக்கிறது. இதுவும் சிவப்புதானே என்று சனிக்கிழமை காலையில் இரண்டு பூவை நீட்டியிருக்கிறாள்.

“விதைதானேடி விஷம்? பூவைச் சாமிக்கே வெக்கறோமே,” என்றாள்.

எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். செடி செடியாகச் சரிபார்த்த நானும் சாமி அலமாரியை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் அவளை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போய் நின்று அழுதேன். அதில் பாதி கோபம்.

பூ இன்னதென்று தெரிந்ததால் வைத்தியம் தடுமாறாமல் நடந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி தானாகச் சாப்பிட ஆரம்பித்தால்தான் பிழைக்கும், கடைப் பூவும் வாடிய பூவும் கண்ணில் காட்டாதீர்கள், செடியிலிருந்து அப்போது பறித்ததை மட்டும் கொடுங்கள் என்றாள் டாக்டர். கீரையை நீட்டினேன், செம்பருத்தி இலையை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டு நாள் கெஞ்சியும் பலனில்லை. தோல் சுருங்க ஆரம்பித்தது. அக்கா கூடத்துப் பக்கமே வரவில்லை. “என் கை வேண்டாம்,” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை தொட்டியில் ஒரே ஒரு செம்பருத்தி பூத்திருந்தது. பறித்த பூ சாமிக்குப் போகும்முன் அதை யாரும் முகர்ந்துகூடப் பார்க்கக்கூடாது அக்காவுக்கு. காய்ச்சலோடு படுத்திருந்த நாளில்கூட அதில் அவள் விட்டுக்கொடுத்ததில்லை. குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவளிடம், “நீயே குடேன். உன் கையாலதான் வாங்கிக்கும்,” என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

அக்கா பூவைப் பறித்தாள். சாமி அலமாரியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் அங்கே நிற்கவில்லை. நேரே கூடத்துக்கு வந்து தரையில் உட்கார்ந்து பூவை நீட்டினாள். அது நாக்கால் ஒருமுறை தொட்டுப் பார்த்தது. பிறகு ஓர் இதழைக் கடித்து இழுத்தது.

“அப்போ சாமிக்கு?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“இன்னிக்கு விளக்கு போதும். நீ பேசாம இரு, அது சாப்பிடறது,” என்றாள்.