வெனிஸ் வாய்க்காலில் என் மீன்குழம்பு

மொன்றியலிலிருந்து சுவிஸ் மச்சாள் வீட்டுக்குப் போனபோது, ஒருநாள் வெனிஸ் பார்க்கப் போனோம். "சீ, ஊத்தைத் தண்ணி!" என்று காலை முழுக்க என் மனுசியிடம் புறுபுறுத்தேன். மத்தியானம் வாய்க்கால் படியில் குந்தியிருந்து, மச்சாள் கட்டித்தந்த புட்டையும் மீன்குழம்பையும் குழைத்துச் சாப்பிட்டோம். மிச்சத்தை "மீன் தின்னட்டும்" என்று தண்ணிக்குள் கொட்டி, கையையும் அதிலேயே அலம்பினேன்.

"இஞ்சரப்பா, இதென்ன எங்கடை ஊர் வாய்க்காலே?" என்று மனுசி பதறினாள்.

பக்கத்து வாசலில் நின்ற பெண் படிக்கு வந்தாள். நீளக் கம்பு வலையால் என் மீன்முள்ளையும் கறிவேப்பிலையையும் அள்ளியெடுத்தாள். பிறகு, கை கழுவ ஒரு போத்தல் தண்ணீர் நீட்டினாள். நன்றி சொல்ல எனக்கு மொன்றியல் பிரெஞ்சில் "மெர்சி" என்றுதான் வாயில் வந்தது.

மொன்றியலில் எங்கள் லாசால் பகுதியில் யாரும் கேட்டால், "வெனிஸ் சரியான நாற்றம்" என்றே இன்றுவரை சொல்லிவந்தேன். அந்த நாற்றம் என் கையிலிருந்து வந்ததென்று இப்போதுதான் சொல்கிறேன்.