முண்டாசில் வந்த கோடி

போன வாரம் தரங்கம்பாடிக் கோட்டை வாசலுக்குள் நுழையும் முன் நான் தலைத்துண்டை அவிழ்த்ததைப் பார்த்து நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். "கோயிலாப்பா இது?" என்று சின்னவள் கேட்டாள். கடற்காற்று, சுண்ணாம்பு பூசிய பெரிய வாசல், உள்ளே வெறிச்சோடிக் கிடந்த அகலத் தெரு எல்லாம் உங்களுக்கு வேடிக்கை. அந்தக் கேள்விக்குப் பதில் எழுத இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வாசலுக்குள் இருக்கும் ஊரில்தான் என் அக்காவை, நீங்கள் பார்த்தேயிராத உங்கள் அத்தையை, கட்டிக்கொடுத்திருந்தோம். ஐம்பதுகளின் தொடக்கம். காரைக்கால் இன்னும் பிரெஞ்சுக்காரன் கையில், தரங்கம்பாடி இந்தியா. பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு உங்கள் தாத்தாவும் நானும் காரைக்கால் பக்கத்து எங்கள் ஊரான நெரவியிலிருந்து போவோம். அக்கா எங்களை உட்காரவிட மாட்டாள். டேனிஷ்காரன் கோட்டை, இடிந்த மதில், அலையில் பாதி கரைந்து நிற்கும் சிவன் கோயில் என்று எல்லாவற்றையும் தானே கட்டியதுபோல் சுற்றிக் காட்டுவாள். "நான் மதிலுக்குள்ள இருக்கறவடா. உன்னாட்டம் சேத்துல கெடக்குறேன்னு நெனச்சியா?" என்பாள். தாத்தா, "கடலு வந்து கதவத் தட்டுறப்ப தெரியும்" என்பார். "தட்டட்டுமே, நெரவிக்கு ஓடியாந்துடுறேன். மதிலும் இல்லாத நீங்க எங்கப்பா ஓடுவீங்க?" என்று அவரையே மடக்குவாள்.

அவள் ஓடி வரவில்லை. காய்ச்சலில் போய்விட்டாள். விடிகாலையில் தரங்கம்பாடி மீன் கூடைக்காரி ஒருத்தி சேதியோடு வந்து வாசலில் நின்று அழுதாள். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. சுமங்கலியாகப் போகிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடி போர்த்த வேண்டும். கோடி என்றால் தண்ணீர் படாத, மடிப்புக் கலையாத புதுச்சேலை. அது இல்லாமல் எடுத்தால் நாதியற்றவளாகப் போனாள் என்பார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள் என்று கூடைக்காரி சொன்னாள். தாத்தா காரைக்கால் கடையைத் தட்டித் திறக்கச்சொல்லிச் சிவப்புச் சேலை ஒன்று வாங்கினார்.

நண்டலாற்றங்கரையில் எல்லை. சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில் கழி, அவ்வளவுதான். காரைக்காலில் சீமைத்துணி மலிவு என்பதால் கடத்தல் அதிகம். இந்தியப் பக்கக் காவலர் முதலில் தேடுவதே புதுத்துணியைத்தான்.

"எம் மகளுக்குக் கோடிங்கய்யா."

"காலையிலேருந்து நாலு பேரு கோடின்னுட்டான். ஊருல அத்தன சாவா? துணிய வச்சுட்டுப் போ, இல்லன்னா திரும்பிப் போ."

தாத்தா கும்பிட்டார். காலில் விழுந்தார். பக்கத்தில் நின்ற வண்டிக்காரர்தான் காதோடு சொன்னார்: "பெரியவரே, சேத்துல போட்டுக் கசக்கித் தலையில கட்டிக்கிங்க. பழசுன்னா ஒண்ணும் சொல்ல மாட்டான்." தாத்தா வெகுநேரம் சேலையை மடியில் வைத்தபடி கரையில் உட்கார்ந்திருந்தார். வெயில் சரியத் தொடங்கியதும் ஆற்றில் இறங்கினார். மகளுக்கு வாங்கிய சேலையைச் சேற்றில் போட்டு அவர் மிதித்ததை நான் பார்த்தேன். அந்தக் காவலரும் பார்த்தார். தாத்தா அதை முண்டாசாகக் கட்டிக்கொண்டு கழிக்கு அடியில் குனிந்து போனபோது அவர் தடுக்கவில்லை. தெரிந்தேதான் விட்டிருப்பார்; அவருக்கு உத்தரவு புதுத்துணிக்குத்தானே.

கோட்டை வாசலில் தாத்தா நின்றார். முண்டாசை அவிழ்த்து உதறினார். கடைக்காரர் மடித்திருந்த அதே மடிப்பில் மடிக்கப் பார்த்தார். ஈரத்துணி மடிப்பில் நிற்கவில்லை. மறுபடியும் மறுபடியும் மடித்தார். உள்ளே பறைச் சத்தம் கேட்டது. "வாங்கப்பா, எடுத்துடுவாங்க" என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன்.

பாடை கட்டியாகிவிட்டது. கூட்டத்தில் ஒருத்தி, "தலையில கட்டுன அழுக்கயா பெத்த பொண்ணுக்குப் போத்துவாங்க?" என்றாள். அக்காவின் மாமியார் நல்லவள், அழுதுகொண்டேதான் சொன்னாள்: "மனசு நோவாதீங்க சம்பந்தி. இது கோடியில்ல." அவர்கள் வீட்டுச் சேலையையே போர்த்தி எடுத்தார்கள். தாத்தா தன் சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுடுகாடுவரை பின்னால் நடந்தார். அதற்குப் பிறகு அறுப்புக்காலத்து வெயிலில்கூட அவர் தலையில் துணி கட்டியதில்லை. நம் வீட்டுப் பெட்டியின் அடியில் கிடக்கும், உங்கள் அம்மா உங்களைத் தொடவிடாத சேறு படிந்த சேலை அதுதான்.

போன வாரம் அந்த ஆற்றுப் பாலத்தில் பஸ் நிற்கக்கூட இல்லை. மூங்கில் கழி இருந்த இடம் எது என்று ஜன்னல் வழியே தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. கோட்டை வாசல் மட்டும் அப்படியே இருந்தது. அது கோயில் இல்லை பாப்பா. உன் தாத்தா முண்டாசை அவிழ்த்து, நின்று மடித்துக்கொண்டிருந்த இடம்.