பல்லைக் கடிக்கக் கூடாது

தலைப்பூவைக் கழற்றிக் கட்டில் சட்டத்தில் தொங்கவிட்டு, முன்முடியை ஒதுக்கி, ஈரப் பஞ்சு வைத்த கருப்புப் பட்டையை நெற்றியோடு இறுக்கிக்கொள்வார் சாரதாமணி. சக்கர நாற்காலிக்கு எதிரே ஸ்டூல் மேல் டேப்லெட். திரையில் நெட்டுக்குத்தாக மூன்று கோடுகள். நடுவே உள்ள பச்சை ஏற வேண்டும், இரண்டு பக்கச் சிவப்பும் இறங்க வேண்டும். ஓடுவது அவருடைய மூளையின் அலைதான் என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் முதல் நாள், "கரண்டு கிரண்டு அடிச்சுருமாங்க?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் மாட்டினார்.

நாமக்கல் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் வேலை பார்த்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு சித்திரை வெயிலில் கோழிகள் சுருண்டு விழ ஆரம்பித்தன. கூரைமேல் தண்ணீர் தெளிக்கும் குழாய் அடைத்துக்கொண்டது. ஆள் வரும்வரை பொறுக்காமல் தானே ஏறினார். கூரையின் சிமெண்ட் அட்டை உடைந்து கீழே விழுந்ததில் முதுகுத்தண்டு போயிற்று. இடுப்புக்குக் கீழே ஊசி குத்தினாலும் தெரியாது. அந்தக் கால்கள்தான் எரிகின்றன.

"காலு இருக்குதான்னே தெரியறதில்லீங்க. ஆனா அடுப்புக்குள்ள உட்டாப்ல எரியுது. சொன்னா யாரு நம்புவாங்க?"

மாத்திரையில் தூக்கம் வந்தது, எரிச்சல் போகவில்லை. வருஷக்கணக்காகப் பல்லைக் கடித்தே ஓட்டினார். மூளை அலையைப் பழக்கி எரிச்சலைக் குறைக்க முடியுமா என்ற மூன்று மாதச் சோதனைக்காகப் பட்டையைக் கொண்டுவந்த பிசியோதெரபிஸ்ட் யாழினி முதலில் தடுத்ததே அதைத்தான். பல்லைக் கடித்தால் சிவப்பு எகிறுமாம்.

"அதையும் உட்டுப்போட்டா நான் எதப் புடிச்சுக்கறது சாமி?" என்றார் சாரதாமணி.

குலதெய்வத்தை நினைத்தார், பேத்தியை நினைத்தார். பச்சை அசையவில்லை. இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் தானாக ஏறியது. அப்போது அவர் மனசில் இருந்தது பண்ணையின் கோழிக் கொட்டகை, அவர் வாயில் 'செட்டு'. வெயில் தாழ, கூரைமேல் தண்ணீர் விழ, இரைச்சல் போட்ட கோழிகள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும் நேரம். அதன் பிறகு தினமும் அங்கேதான் போய்வந்தார்.

கணவர் சண்முகவேலுக்கு அந்தப் பண்ணையின் பேரை எடுத்தாலே ஆகாது. "என்னத்த புள்ள நெனைக்கற?" என்று கேட்பார்.

"சும்மா இருக்கறனுங்க."

எரிச்சல் முழுக்கப் போய்விடவில்லை. பத்துக்கு ஒன்பது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இப்போது ஐந்து, ஆறு என்கிறார். "அஞ்சுன்னா உக்காந்து காய் அரியலாமுங்க. ஒம்போதுல பேச்சே வராது."

சோதனை முடிந்து பட்டையும் டேப்லெட்டும் திரும்பிப்போயின. மறுநாள் மத்தியானம் எரிச்சல் ஏறியது. சண்முகவேல் பழக்கத்தில் ஸ்டூலை இழுத்துவந்து போட்டுவிட்டு, வெறும் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அந்த யாழினிப் புள்ளைக்குப் போன் போடட்டுமா?"

"வேண்டாமுங்க. இப்படி உக்காருங்க." சாரதாமணி கணவரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க. நான் அந்தச் செட்டத்தானுங்க நெனச்சுக்குவேன். தண்ணி உழுகற சத்தத்த."

சண்முகவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. சாரதாமணி கண்ணை மூடினார். பிறகு, நகம் பதியப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.