இன்னொரு போனில் நான்

என்னை உங்கள் எல்லோருக்கும் தெரியும். வயது இருபத்து நான்கு. வீட்டில் சின்னவன். அம்மாவுக்கு மட்டும் கோட்டான். சிறுவயதில் வாயே திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருப்பேனாம். ஊமைக்கோட்டான் என்று ஆரம்பித்து, தேய்ந்து கோட்டான் ஆனது. அம்மாவைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இப்போது என் அறைக்குக் கீழே உள்ள துணி துவைக்கும் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இங்கே.

நம் குடும்ப குரூப்பில் போடும் இதை விரலால் அடிக்கவில்லை. வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. பேய்க் கதை என்றால் சோற்றை மறந்து உட்காரும் குடும்பம் நம்முடையது. ஆனால் இது கதையில்லை. இன்று மதியம் நடந்தது. அம்மா மேல் ஆணை.

போனில் பேசுகிற ஆப் ஒன்றுக்கு முதல் திரைகளைச் செய்வது என் வேலை. எண்ணைப் போடும் கட்டம், எஸ்.எம்.எஸ்ஸில் வரும் ரகசிய எண்ணுக்கு ஒரு கட்டம், பெயருக்கு ஒரு கட்டம். ஒருவருடைய எண் ஒரு போனில்தான் இருக்கலாம். அதே எண்ணோடு வேறு போனில் நுழைந்தால், முதல் போன் வெளியே தள்ளப்படும். 'இன்னொரு போனில் நீங்கள் நுழைந்துவிட்டீர்கள்' என்று காட்டும். அந்த வரியை எழுதியவனும் நான்தான்.

சோதிக்கும்போது ஒவ்வொரு தடவையும் எஸ்.எம்.எஸ்ஸுக்காகக் காத்திருந்தால் வேலை நடக்காது. அதனால் ஒரு குறுக்கு வழி வைப்போம். ரகசிய எண்ணுக்குப் பதில் ஆறு பூஜ்யம். யாருடைய எண்ணாக இருந்தாலும் அது திறந்துவிடும். வெளி ஆளுக்குக் கொடுக்கும் முன் அதை எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கவில்லை. அம்மா என்ன வெளி ஆளா? ஆப்பை அப்படியே அம்மா போனுக்கு அனுப்பிவிட்டேன்.

இன்று ஞாயிறு. அலுவலகத்தில் நான் மட்டும். இங்கே மதியம் மூன்றரை, அங்கே நம் ஊரில் இரவு. அக்கா இரவு வேலைக்குப் போய்விட்டாள். அம்மா தனியாக இருந்தாள்.

டிங்.

'இன்னொரு போனில் நீங்கள் நுழைந்துவிட்டீர்கள்.'

என் வேலையில் ஏதோ ஓட்டை என்று நினைத்தேன். மறுபடி நுழைந்தேன்.

டிங். மறுபடி வெளியே.

கூட வேலை செய்பவனுக்கு, கண்ணாடி என்று நாங்கள் கூப்பிடுபவனுக்கு, போன் செய்தேன்.

"டேய் கண்ணாடி, என் நம்பர்ல உள்ள போய் விளையாடுறியா?"

"ஞாயித்துக்கிழமையும் உன் குரல்தானா? நான் என்ன பாவம்டா பண்ணேன்? அந்த ஆப் என்கிட்ட இல்லவே இல்ல. உன் போன்லயும் உங்கம்மா போன்லயும்தான் இருக்கு. போய்த் தூங்கு."

இதுவரை உள்ளே நுழைந்த போன்களையும், அவை எந்த வைஃபையில் இருக்கின்றன என்பதையும் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் அதைத் திறந்தேன். இரண்டு வரி இருக்க வேண்டும்.

மூன்று இருந்தது.

அம்மா. நான். அப்புறம், என் எண்ணிலேயே இன்னொரு போன்...

அது எங்கள் அலுவலக வைஃபையில் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். நீளமான கூடம். காலி நாற்காலிகள். எங்கள் அலுவலகத்தில் ஆள் நடமாடும் இடத்தில்தான் விளக்கு எரியும். என் தலைக்கு மேல் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

டிக்.

கூடத்தின் மறுகோடியில் ஒரு விளக்கு எரிந்தது.

அந்த வரியை அழித்தேன். திரும்ப வந்தது. என் போனைப் பார்த்தேன். பெயர்க் கட்டம் திறந்திருந்தது. நான் தொடவில்லை. எழுத்துகள் தாமாக விழுந்தன.

கோ...

கோட்...

கோட்டான்.

கம்ப்யூட்டரில் அந்த மூன்றாவது வரி மாறியது. 'அழைப்பில் உள்ளது: அம்மா.'

நுழைந்து அதை வெளியே தள்ளிவிட நினைத்தேன். விரல் படுவதற்கு முன்பே எண் கட்டத்தில் எண்கள் தாமாக விழுந்தன. யாருடையதோ, என் எண் இல்லை. அழித்தேன். மறுபடி விழுந்தன. அம்மாவின் சாதாரண எண்ணுக்கு அடித்தேன். பிஸி.

டிக். டிக்.

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. என்னை நோக்கி இல்லை.

வாசலை நோக்கி.

கடைசி விளக்கும் எரிந்து அணைந்தது. அப்பாடா, போய்விட்டது என்று நினைத்தேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன்...

மறுபடி அடித்தேன். அம்மா எடுத்தாள்.

"ஏன்டா கோட்டான், என்ன விளையாட்டு இது? வாசல்ல நிக்கறேன், கதவத் தொறம்மான்னு சொன்ன. போய்ப் பாத்தா ஒரு ஈ காக்கா இல்ல."

"தொறந்தியாம்மா?"

"பின்ன? புள்ள நிக்கறேங்கறான், தொறக்க மாட்டேனா? காத்துதான் குப்புனு உள்ள வந்துச்சு. மூடிட்டேன். சரி வெய்யி, அக்கா வந்துட்டா போல. உள் ரூம்ல லைட் எரியுது."

வைத்துவிட்டாள்.

அக்காவுக்கு அடித்தேன். "நான் வேலையிலதான்டா இருக்கேன். என்னாச்சு?" என்றாள். அப்போதே கிளம்பிவிட்டாள். அவள் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். அம்மா அதற்குப் பிறகு எடுக்கவில்லை. உங்களுக்கும் அடித்தேன், நீங்களும் எடுக்கவில்லை, தூங்கியிருப்பீர்கள்.

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். அது இப்போது மடியில் இருக்கிறது. அந்தப் பக்கம் திறந்தே இருக்கிறது. மூன்று வரி. என் எண்ணில் இருக்கும் அந்த இன்னொரு போனின் வைஃபை மாறிவிட்டது. அம்மா போன் எந்த வைஃபையில் இருக்கிறதோ, அதுவும் அதே வைஃபையில் இருக்கிறது.

நம் வீட்டு வைஃபை.

மாமா, அத்தை, உங்கள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். முதலில் இதைப் பார்ப்பவர் மற்றவரை எழுப்புங்கள். இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள். உள்ளே போகாதீர்கள். வாசலில் நின்று அம்மாவை மட்டும் வெளியே கூப்பிடுங்கள்.

உள்ளேயிருந்து நான் பதில் சொன்னால் நம்பாதீர்கள். நான் இங்கே இருக்கிறேன்.