டிக்கிப் பொத்தானின் இறப்பர்

காலை ஏழு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது, வெள்ளைக் கோப்பையின் பிடியில் இருந்த கறுப்பு விரலடையாளம். என் கணவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு அலுவலகத்துக்கு உடுத்தப் போயிருந்தார். கழுவுவதற்காகக் கோப்பையை எடுத்தேன். கறுப்பு என் விரலிலும் ஒட்டியது. சேறோ கிறீஸோ இல்லை; தார்போல இழுபட்டது.

அந்தக் கறுப்பை எனக்குத் தெரியும். ஒரு வருடத்துக்கு மேலாக அதைத்தான் என் விரல்களிலிருந்து தேய்த்துக் கழுவி வந்தேன். எங்கள் காரின் டிக்கியைத் திறக்க வேண்டுமானால், நம்பர் பிளேட்டுக்கு மேலே உள்ள விளிம்பின் அடியில் கைவிட்டு ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். பொத்தானை மூடியிருந்த இறப்பர் வெயிலிலும் உப்புக் காற்றிலும் இளகிப் பிசினாகிவிட்டது. அமுக்கினால் விரல் புதையும். சந்தைப் பையிலும் அபாயாவின் கையிலும் கறை படியும். மாற்றித் தரும்படி அவரிடம் பலமுறை சொல்லியிருந்தேன். ஒவ்வொரு முறையும் கிடைத்த பதில் "பார்ப்பம்".

ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். முதல் நாள் பின்னேரம் நான் நிறுத்திய இடத்திலேயே எங்கள் கார் நின்றது. அதன்மேல் படிந்திருந்த மணலில் ஒரு கை பட்ட தடமும் இல்லை.

"விரல்ல என்ன?" என்று கேட்டேன்.

"மதினிட கார் டிக்கிக்கு இறப்பர் மாத்தினன். சுபஹு தொழுதுட்டு."

"எங்கட காருக்கு?"

"பார்ப்பம்," என்றார். ஹெல்மட்டை எடுத்துக்கொண்டு போனார்.

மதினி என்று அவர் சொன்னது அவருடைய நானாவின், அதாவது மூத்த சகோதரரின், மனைவியை. நானா மௌத்தாகி, அடக்கம் முடிந்து இரண்டாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. மூத்தவரின் மனைவி என்றாலும் அவள் என்னைவிட நன்றாக இளையவள். என்னை அக்கா முறை வைத்து ராத்தா என்று கூப்பிடுவாள். கற்பிட்டி வீதியில், களப்புப் பக்கமாக எங்கள் இரண்டு வீடுகளும் அடுத்தடுத்த வளவுகளில் இருக்கின்றன. நடுவே உள்ள மதிலில் ஒரு ஆள் போய்வரும் அளவுக்கு வழி விட்டிருக்கிறார்கள். சகோதரர்கள் இருவரும் ஒரே வருடத்தில் ஒரே வகைக் காரை எடுத்தார்கள். எங்களுடையது சாம்பல் நிறம், அவர்களுடையது வெள்ளை. இரண்டின் இறப்பரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இளகின.

வெள்ளைக் கார் முதலில் சுகமானது.

கல்யாணத்துக்கு முன் நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் முதலில் நிருபராகவும் பிறகு செய்தி திருத்தும் மேசையிலும் இருந்தவள். மேசையில் ஆதாரம் இல்லாத வரியை வெட்டுவதுதான் என் வேலை. அந்த மேசையில் கற்றது மதிலோரம் எனக்கு உதவவில்லை. அவருடைய செருப்பு அவள் வீட்டுப் படியில் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்று பார்த்தேன். அவள் கேற்றுக்கு எப்போது பெயின்ற் அடிபட்டது என்று பார்த்தேன். எங்கள் குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்த மாதத்தில் அவள் வீட்டுத் தண்ணீர் மோட்டர் இரண்டு தடவை கழற்றிப் பூட்டப்பட்டது. அங்கே அவர் சிரிப்பது கேட்கும். எங்கள் வீட்டில் அவர் சிரிக்காதவர் இல்லை. ஆனால் அங்கிருந்து கேட்டது வேறு சிரிப்பு என்று எனக்குப் பட்டது. வேறு எப்படி என்று கேட்டால் எழுதிக் காட்ட என்னால் முடியாது.

பொறாமைதான். வேறு சொல் தேட வேண்டியதில்லை. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. நானா மௌத்தானால் அவர் மனைவியைத் தம்பி நிக்காஹ் செய்து பொறுப்பெடுப்பது எங்கள் பக்கத்தில் கேள்விப்படாத காரியம் அல்ல. தம்பிக்கு ஏற்கனவே மனைவி இருந்தாலும் மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. கனமூலையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படி நடந்திருக்கிறது. அந்த வீட்டின் முதல் மனைவியைக் கல்யாண வீடுகளில் காண்பேன். நன்றாக உடுத்திருப்பாள். எல்லோருக்கும் முன்பாகவே எழும்பிப் போய்விடுவாள். மதினி கணவனுக்காக இருந்த இத்தாக் காலம் முடிந்த நாளிலிருந்து, எங்கள் வீட்டுக்கு வரும் பெண்கள் என்னைச் சுகம் விசாரித்த கையோடு மதில் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்கள்.

இறப்பரை நானே மாற்றுவது என்று முடிவெடுத்தேன். அவரிடம் இனிக் கேட்கப் போவதில்லை.

புத்தளம் டவுனில் உதிரிப்பாகக் கடைக்காரர், தனி இறப்பர் வராது, முழு சுவிட்சாகத்தான் எடுக்க வேண்டும், அதுவும் பழையதுதான் இருக்கிறது என்றார். வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினேன். தனி இறப்பர் இருந்தது. தபாலில் ஒரு சின்ன உறையில் வந்தது. கட்டைவிரல் அகலம்கூட இல்லை. ஒரு வீடியோவும் கிடைத்தது. குருநாகல் பக்கத்து ஆளாக இருக்க வேண்டும், சிங்களத்தில் ஆறுதலாக விளக்கினார். டிக்கிக் கதவின் உட்பக்க மட்டையைக் கழற்றுங்கள், நட்டுகளைத் தளர்த்துங்கள், வயரின் பிளக்கை இழுத்தெடுங்கள், சுவிட்ச் கையோடு வரும். அதன் பிறகு பழைய இறப்பரைச் சுரண்டிவிட்டுப் புதியதைப் போடுவதுதான். நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை அவர் சிலாபத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மதிய உணவுக்குப் பிறகு டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்கினேன். மட்டையை இழுத்தபோது அதன் பிளாஸ்டிக் ஆணிகள் ஒவ்வொன்றாக வெடித்தன, ஒன்று உடைந்தது. நட்டுகள் துருப்பிடித்திருந்தன. எப்படியோ கழற்றினேன். பிளக்கை இழுத்தெடுத்து, சுவிட்சைப் படியில் விரித்திருந்த பழைய பத்திரிகையின்மேல் வைத்தேன். மண்ணெண்ணெய் தொட்டு, பழைய சவர பிளேட்டால் பிசினைச் சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது. புதிய இறப்பர் விளிம்பில் சரியாக உட்கார்ந்தது. அமுக்கிப் பார்த்தேன். விரல் சுத்தமாக வந்தது. அந்த ஒரு கணம் எனக்கு யார்மேலும் எரிச்சல் இருக்கவில்லை.

அப்போது அஸருக்குப் பாங்கு சொன்னது. தென்மேற்குக் கச்சான் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. தொழுதுவிட்டு வந்து பூட்டலாம் என்று எழும்பினேன். எழும்பும்போதே டிக்கியை இழுத்துச் சாத்திவிட்டேன்.

இந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்குக் கச்சான் காலத்தில் கை தானாகச் செய்யும் வேலை அது. ஜன்னல், பானை, அலுமாரி, எது திறந்திருந்தாலும் சாத்திவிட்டுத்தான் அப்பால் போவோம். வீடியோக்காரர் சாத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருடைய ஊரில் மணல் பறக்காது போலும்.

தொழுதுவிட்டு வந்து சுவிட்சைக் கையில் எடுத்த பிறகுதான் விளங்கியது. பூட்டைத் திறக்கும் சுவிட்ச் என் கையில் இருந்தது. அதைக் கொழுவ வேண்டிய வயர், சாத்திய கதவுக்கு உள்ளே தொங்கியது. பின்சீற்றை மடித்து உள்ளே ஊர்ந்து பார்த்தேன். முழங்கால் இடம் கொடுக்கவில்லை. பாதியில் நின்று, பின்பக்கமாகவே இறங்கினேன்.

இறங்கித் திரும்பினால், மதில் வழியில் அவள் நின்றாள். வெள்ளை முந்தானை. அதில் ஒரு கறுப்புப் புள்ளியும் இல்லை.

"சாத்திட்டீங்களா, ராத்தா?"

ஓம் என்றேன். அவருக்குப் போன் எடுக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நான் சொன்ன விதத்தில் அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள்.

"மச்சானும் இதத்தான் செஞ்சார். காத்துக்குச் சாத்திட்டு முழுசிக்கிட்டு நிண்டார். அன்டைக்கும் நான்தான் உள்ள பூந்து திறந்தன்."

அவர் என்னிடம் அதைச் சொல்லவில்லை. அவர் முழுசியதையும், அவள் ஊர்ந்ததையும், இருவரும் அதற்குச் சிரித்திருக்கக்கூடியதையும் ஒரே நேரத்தில் கண்டேன். டோர்ச்சை அவள் கையில் கொடுத்தேன். அவள் மீன்போல உள்ளே வழுக்கிப் போனாள். பாதங்கள் மட்டும் பின்சீற்றில் தெரிந்தன. பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு இருக்கும், அதைத் தள்ள வேண்டும் என்று உள்ளிருந்து சொன்னாள். நான் டிக்கிப் பக்கம் போய் வெளியே நின்றேன். கண்ணாடியில் மணல் அப்பியிருந்ததால் அவள் முகம் தெரியவில்லை.

டோர்ச் வெளிச்சம் அசைவது நின்றது.

"ராத்தா, மச்சான் உங்கள்ட்டக் கேட்டாரா?"

"என்னத்த?"

நான் அவசரப்படுத்தவில்லை. பேட்டி எடுத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அந்த இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது.

"என்ட வாப்பா அவரோட கதைச்சிருக்கார். என்னையும் பொறுப்பெடுக்கச் சொல்லி. உங்கள்ட்டக் கேட்டுட்டுச் சொல்றன்டு சொன்னாராம்."

"எப்ப?"

"நோன்புக்கு முந்தி."

நோன்பு முடிந்து, பெருநாள் முடிந்து, ஹஜ்ஜுப் பெருநாளும் முடிந்திருந்தது. அந்த நாட்கள் முழுவதும் அவர் என் எதிரே இருந்து சாப்பிட்டிருக்கிறார். மாட்டேன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சம்மதம் கேட்கவும் ஒரு நிமிடம் போதும்.

"நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டேன். என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது.

பூட்டு 'டக்' என்றது. கதவு மேலே எழுந்தது. அவள் வயிற்றில் படுத்தபடி, கூந்தலில் தூசியோடு, என் முகத்துக்கு நேரே இருந்தாள்.

"என்ட்ட ஆரும் கேக்கல்ல, ராத்தா," என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அது என் பொறாமையைக் குறைக்கவில்லை. அவள் வீட்டைப் பற்றிய ஒரு முடிவு எடுக்கப்படாமலே இருந்தது. அது எடுக்கப்படாத ஒவ்வொரு நாளும் அவர் அங்கே போய்வந்தார். கேட்டால் நான் மறுப்பேன் என்று அவருக்குத் தெரியும். கேட்காமல் இருந்தால் அங்கே தொடர்ந்து போகலாம்.

அவள் டோர்ச்சைப் பிடித்தாள். நான் பிளக்கைக் கொழுவி, சுவிட்சைப் பொருத்தி, நட்டுகளை முறுக்கினேன். உடைந்த ஆணியின் இடம் தவிர மட்டை சரியாக உட்கார்ந்தது. டிக்கியைச் சாத்தி, அமுக்கி, திறந்து பார்த்தோம். அவளும் ஒருமுறை அமுக்கினாள். தன்னுடையதைவிட இது இறுக்கமாக இருக்கிறது, நல்லது என்றாள். தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். வேலை இருக்கிறது என்று மதில் வழியாகப் போனாள். போகும்போது அவள் முந்தானையின் பின்பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு இருந்ததைக் கண்டேன். நான் அவளைக் கூப்பிடவில்லை.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவர் வந்தார். சிலாபத்திலிருந்து கொண்டுவந்த இளநீர்க் குலையை டிக்கியில் வைக்கப் போனார். மறுநாள் நான் அதை என் உம்மாவுக்குக் கொண்டுபோக வேண்டும். பொத்தானை அமுக்கியவர் விரலைத் திருப்பிப் பார்த்தார். திரும்பவும் அமுக்கினார்.

"ஆர் மாத்தினது?"

"நான்."

"தனியாவா?"

"மதினி டோர்ச் பிடிச்சா."

அவர் மதில் பக்கம் பார்த்தார். பிறகு குலையை உள்ளே வைத்து, டிக்கியை மெதுவாகச் சாத்தினார். நல்லா இருக்கு என்றார்.

அன்றிரவு அவர் சாப்பிட்டு முடியும்வரை நான் எதிர்க் கதிரையில் இருந்தேன். அவர் தண்ணீர் கேட்டார். மறுநாள் காற்று எப்படியிருக்கும் என்று கேட்டார். இதை எழுதும் இன்றுவரை வேறெதுவும் என்னிடம் கேட்கவில்லை.