முழுசாக வெளியே வந்த மாத்திரை

விழுப்புரத்தில் வண்டியை எடுத்தால் திண்டிவனம் வரை இருக்கையை விட்டு எழாதவன் நான். பதினெட்டு வருடமாகத் தனியார் பேருந்து ஓட்டுகிறேன். போன வருடம் வெயில் தொடங்கிய சமயத்தில், விக்கிரவாண்டியில் ஒரு முறை, கூட்டேரிப்பட்டில் ஒரு முறை என்று சிறுநீர் கழிக்க வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. நடத்துநர் பழனி, "இன்னாண்ணே, வயசாயிடுச்சா?" என்று கிண்டல் செய்தான். ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் இரண்டாம் வகை நீரிழிவு என்று வந்தது.

விழுப்புரத்தில் நான் போன மருத்துவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். அவர் அறைக்குள்ளேயே ஒரு பெஞ்சு உண்டு. அடுத்த மூன்று பேர் அதில் உட்கார்ந்து உங்கள் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நேரம் மிச்சமாம். யாருக்கு மிச்சம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அவர் எழுதிக் கொடுத்தது கூட்டு மாத்திரை. ஒன்றுக்குள்ளேயே இரண்டு மருந்து. ஒன்று மெட்ஃபார்மின் (கல்லீரல் சர்க்கரையை அதிகமாக வெளியே விடுவதைக் குறைப்பது), மற்றொன்று கிளிமிபிரைடு (கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைப்பது). இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குச் சொன்னது, "காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு" என்பது மட்டும்தான்.

ஒரு வாரம் கழித்துக் கழிப்பறையில் அதைப் பார்த்தேன். மலத்தில் மாத்திரை கிடந்தது, முழுசாக. கொஞ்சம் ஊதியிருந்தது, வடிவம் மாறவில்லை. மறுநாளும் இருந்தது. கரையாமலே வெளியே வந்துவிடுகிறது, இத்தனை நாள் மருந்தே உள்ளே போகவில்லை என்று முடிவு கட்டினேன். எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவனுக்கு அது சரியாகத்தான் பட்டது.

மருத்துவரிடம் போனேன். பெஞ்சில் மூன்று பேர், இரண்டு பேர் பெண்கள். எங்கே பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? "மாத்திரை வேலை செய்யலன்னு தோணுது சார்" என்றேன். அவர் அடுத்தவருடைய சீட்டைக் கையில் எடுத்தபடி, "ஒரு மாசம் போகட்டும், பாக்கலாம்" என்றார். அடுத்தவர் எழுந்துவிட்டார். நான் வெளியே வந்துவிட்டேன். என் மனைவி செல்வியிடமும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து இரண்டு மாத்திரை போட ஆரம்பித்தேன்.

என் முட்டாள்தனத்தை நான் மறைக்கவில்லை. அந்தப் பெஞ்சையும் மன்னிக்கவில்லை.

விடிந்ததும் மாத்திரை போட்டுவிட்டு முதல் நடை எடுப்பேன், இட்லி திண்டிவனத்தில்தான். நான்காம் நாள் வண்டி தாமதமானதால் சாப்பிடாமலே திரும்ப எடுத்தேன். கூட்டேரிப்பட்டு நெருங்கும்போது சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. உதடு மரத்தது. முன்னால் போன லாரி இரண்டாகத் தெரிந்தது. இடது பக்கம் ஒதுக்கிக் கைபிரேக்கை இழுத்தது வரை நினைவிருக்கிறது. அதைச் செய்தது பழக்கம்தான், என் புத்தி இல்லை.

பழனி ஓடிவந்து என்ன என்று கேட்டான். பதில் சொல்ல வாயெடுத்தேன், நாக்கு குழறியது. "டிரைவரு ஃபுல்லா ஊத்திக்கினு வந்துட்டாரு. எறக்குங்கய்யா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொருவர் போனை நீட்டிப் படம் பிடித்தார். ஒன்பது வருடம் என்னோடு ஓடிய பழனி, குனிந்து என் வாயை முகர்ந்தான்.

"மெய்யாலுமே ஒண்ணும் போடலியேண்ணே?"

என் வாயில் ஒரு நாளும் சாராயம் பட்டதில்லை. அது அவனுக்குத் தெரியும்.

பயணிகளில் கிளியனூர்க்கார அம்மா ஒருவர்தான் முன்னால் வந்தார். "எங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும். சக்கரை கொண்டாங்கய்யா, ஜல்தியா" என்று டீக்கடைக்கு ஆளை விரட்டினார். சர்க்கரையை என் ஈறில் வைத்துத் தேய்த்தார். கால் மணி நேரத்தில் தெளிந்தேன். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

போலீஸ் வந்து கருவியில் ஊதச் சொன்னார்கள். பூஜ்யம். வீடியோ எங்கள் சொந்தக்காரர்கள் போன் வரைக்கும் போய்விட்டது. அந்தப் பூஜ்யத்தை ஒருவரும் யாருக்கும் அனுப்பவில்லை.

திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கிருந்த பெண் மருத்துவர் திரையை இழுத்து மூடிவிட்டு, "எத்தனை போட்டீங்க? எதுக்குப் போட்டீங்க? எங்கிட்ட சொல்லலாம்" என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அது வெறும் கூடுங்க. மெட்ஃபார்மின் மெல்ல மெல்ல எறங்கணும்னு அப்படிச் செய்யறாங்க. மருந்து உடம்புல சேந்துடும், கூடு மட்டும் வெளிய வரும். நீங்க போட்ட ரெண்டுமே வேலை செஞ்சிருக்கு."

எனக்கு வந்தது ஹைப்போகிளைசீமியா (ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுவது). கிளிமிபிரைடு இரட்டிப்பாகப் போனது, வயிறோ காலி. இந்த மருந்தால் இறங்கிய சர்க்கரை, தெளிந்த பிறகும் மறுபடி இறங்கக்கூடும் என்று ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பில் வைத்தார்கள். என்னைப் போன்றவர்கள் இதை நினைவில் வையுங்கள், தெளிந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

மாத்திரையை மாற்றினார்கள். இதுவும் கூட்டு மாத்திரைதான், மெட்ஃபார்மினோடு சிட்டாகிளிப்டின் (சர்க்கரை ஏறும்போது மட்டும் இன்சுலினைக் கூட்டுவது). இதில் அப்படி இறங்குவது அரிது. "டிரைவருன்னு தெரிஞ்சிருந்தா முதல்லயே இதை யோசிச்சிருக்கலாம்" என்றார். விழுப்புரத்து மருத்துவர் என் தொழில் என்ன என்று கேட்கவே இல்லை.

முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். "நீ குடிக்கலன்னு எனக்குத் தெரியும்பா. ஜனங்க ஒத்துக்கணுமே" என்றார். ஒன்றரை மாதம் வீட்டில் கிடந்தேன். இனி ஸ்டியரிங்கைத் தொடவே முடியாதோ என்ற பயம் சோற்றை இறங்கவிடவில்லை. செல்விக்கு என்மேல் அடங்காத கோபம். "இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணிக்கினு, கக்கூஸ்ல பாத்தத எங்கிட்ட சொல்ல இன்னா வெக்கம்?" என்று கேட்டாள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் விழுப்புரத்து மருத்துவரிடம் போனேன். பெஞ்சில் மூன்று பேர். பழைய மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்து, "இது என் மலத்துல முழுசா வந்துச்சு சார். அன்னிக்கி சொல்ல வந்தது அதான்" என்று உரக்கச் சொன்னேன்.

"மெதுவா பேசுங்க. ஆளுங்க இருக்காங்க இல்ல?" என்றார்.

"இருக்காங்க சார். அதனாலதான் அன்னிக்கி சொல்லல. அதனாலதான் வண்டி போச்சு."

பெஞ்சிலிருந்து கண்டாச்சிபுரத்து விவசாயி ஒருவர் தயங்கித் தயங்கிப் பேசினார். "எனக்கும் அப்படித்தாங்க வருது. நான் இடிச்சுத் தூள் பண்ணி கேப்பைக் கூழுல கலந்து குடிச்சுக்கினு இருக்கேன்." மெல்ல இறங்க வேண்டிய மருந்து அப்படி இடித்தால் ஒரேயடியாக இறங்கிவிடும். அவர் பக்கத்தில் இருந்த அம்மா, முந்தானையால் வாயைப் பொத்தியபடி, "எனக்கும் வருது" என்றார்.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். எனக்குக் கோபம் தணியவில்லை, கூடியது. அந்தப் பெஞ்சு இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது என்று கேள்வி.

மருத்துவத் தகுதிச் சான்றிதழ் வாங்கி முதலாளியிடம் காட்டி, மறுபடி ஓட்டுகிறேன். முன்பெல்லாம் எனக்கு நேரம் என்றால் வண்டி எடுக்கும் நேரம், போய்ச் சேரும் நேரம். இப்போது கடைசியாகச் சாப்பிட்டு எவ்வளவு ஆயிற்று என்பதுதான் நேரம். சாவியைத் திருப்பும் முன் விரலைக் குத்திப் பார்க்கிறேன். "நம்பரு எவ்ளோண்ணே?" என்று பழனி தினமும் கேட்கிறான், நானும் சொல்கிறேன். பழையபடிதான் பேசிக்கொள்கிறோம்.

ஆனால் ஏதாவது சொல்வதற்கு அவன் என் பக்கம் குனிந்தால், என் வாய் தானாக மூடிக்கொள்கிறது. அவன் நிமிரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு ஓட்டுகிறேன்.